திமிங்கிலத்துக்கு ஏன் நெடுஞ்சாலைத் துறை?

1970 நவம்பர் 12. அமெரிக்காவின் மேற்குக் கரையில், ஆரிகன் மாநிலத்தின் ஃபுளோரன்ஸ் ஊர்க் கடற்கரை. 45 அடி நீளமும் எட்டு டன் எடையும் கொண்ட ஸ்பெர்ம் திமிங்கிலம் ஒன்று செத்து ஒதுங்கி, ஊரையே மூக்கைப் பிடிக்க வைத்துக்கொண்டிருந்தது. அதை அப்புறப்படுத்தும் வேலை மாநில நெடுஞ்சாலைத் துறையிடம் வந்தது. அரை டன் டைனமைட் வைத்து வெடித்தால் சடலம் துண்டு துண்டாகக் கடலை நோக்கிச் சிதறும், மிச்சம் மீதியைக் கடற்பறவைகள் தின்று தீர்க்கும் என்று துறைப் பொறியாளர்கள் கணக்குப் போட்டார்கள். வெடித்தார்கள். வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தின் மேல் சதையும் கொழுப்பும் மழையாகக் கொட்டின. கால் மைலுக்கு அப்பால் நின்ற ஒரு காரின் கூரை, வானத்திலிருந்து விழுந்த பெருந்துண்டு ஒன்றால் நசுங்கியது. சத்தத்துக்குப் பயந்த பறவைகள் அந்தப் பக்கமே வரவில்லை. திமிங்கிலத்தின் பெரும்பகுதி கிடந்த இடத்திலேயே கிடந்தது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை.

போர்ட்லண்ட் தொலைக்காட்சிச் செய்தியாளர் பால் லின்மன் இதைப் படமெடுத்து ஒளிபரப்பினார். இருபது ஆண்டுகள் கழித்து, 1990-ல், நகைச்சுவை எழுத்தாளர் டேவ் பேரி தன் பத்தியில் அந்தப் படத்தைப் பற்றி எழுதினார். அந்தப் பத்தியை யாரோ சுருக்கி, எழுதியவர் பெயரை எடுத்துவிட்டு, அன்றைய கணினி அறிவிப்புப் பலகைகளில் ஏற்றினார்கள். அது ஊர் ஊராகப் போனது. ஆரிகன் நெடுஞ்சாலைத் துறைக்குத் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கின. நாட்டின் பல மூலைகளிலிருந்து செய்தியாளர்கள் விவரம் கேட்டார்கள். சம்பவம் அப்போதுதான் நடந்திருக்கிறது என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். பயணத்தின்போது சிரிப்பு சேதாரமில்லாமல் வந்து சேர்ந்திருந்தது. ஆண்டு மட்டும் வழியில் உதிர்ந்திருந்தது.

உதிர்ந்தது ஆண்டு மட்டுமில்லை. செத்த திமிங்கிலத்தை அகற்ற நெடுஞ்சாலைத் துறை எதற்காக வந்தது என்ற கேள்வியும் எங்கோ விழுந்துவிட்டது. இன்று அந்தப் படத்தைப் பார்த்துச் சிரிக்கும் லட்சக்கணக்கானவர்களில் மிகச் சிலரே அதைக் கேட்டிருப்பார்கள். அதற்குப் பதில் உண்டு. அந்தப் பதில், வெடித்த திமிங்கிலத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுகிறது. கடைசியில் அதற்கு வருகிறேன்.

விநோதச் செய்திகளைக் கொறிக்கும் பண்டமாகவே நாம் வைத்திருக்கிறோம். நாளிதழில் அவற்றுக்குப் பெட்டிச் செய்தி என்று பெயர்; வார இதழில் துணுக்கு. தமிழ்வாணன் ஆசிரியராக இருந்த கல்கண்டு இதழைக் கையில் எடுத்தவர்கள் துணுக்குகளைத்தான் முதலில் தேடுவார்கள். ஒரு தலைமுறைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு உலகத்தின் அகலத்தைக் காட்டியதில் அந்தத் துணுக்குகளுக்குப் பெரும் பங்கு உண்டு. இன்று அந்த இடத்தில் வாட்ஸ்அப் ஃபார்வர்டும் முப்பது வினாடி ரீல்ஸும் வந்திருக்கின்றன. வடிவம் மாறியிருக்கிறது, பசி அதேதான். அந்தப் பசியை நான் குறைவாக நினைக்கவில்லை. "அப்படியா!" என்று வாய்பிளப்பதில்தான் அறிவு தொடங்குகிறது. அந்த வாய்பிளத்தலோடு கதையை நிறுத்திக்கொள்கிறோம் என்பதே என் கவலை. என் அனுபவத்தில் ஒவ்வொரு விநோதச் செய்திக்கும் ஒரு இரண்டாம் பாதி உண்டு. பெட்டிக்குள் அதற்கு இடம் இருப்பதில்லை.

இடம் இல்லாவிட்டாலும் உழைப்பு இருந்த காலம் ஒன்று உண்டு. ராபர்ட் ரிப்ளி 1918 டிசம்பரில் நியூயார்க்கின் 'குளோப்' நாளிதழில் விளையாட்டு விநோதங்களைப் படமாக வரைந்தார். அதுதான் 'நம்பினால் நம்புங்கள்' என்று உலகம் அறிந்த தொடராக வளர்ந்தது. ரிப்ளி புகழடைந்தார், ஊர் சுற்றினார், பணம் சேர்த்தார். தகவலைத் தேடித் தந்தவர் நார்பர்ட் பெர்ல்ராத். போலந்தில் பிறந்தவர், பல மொழிகள் படித்தவர், வங்கி ஊழியர். 1923 முதல் 1975 வரை, ஐம்பத்திரண்டு ஆண்டுகள், நியூயார்க் பொது நூலகத்தின் படிப்பறையில் உட்கார்ந்து புத்தகம் புத்தகமாகப் புரட்டி அந்தத் தொடருக்குத் தீனி கொடுத்தார். 1949-ல் ரிப்ளி இறந்த பிறகும் கால் நூற்றாண்டுக்கு மேல் அந்த நாற்காலியை அவர் விடவில்லை. அவர் பெயரைத் தெரிந்தவர்கள் குறைவு. ஒரு வரித் துணுக்குக்குப் பின்னால் ஒருவருடைய பகல் முழுவதும் இருந்தது என்பதை நினைக்கும்போது எனக்கு மரியாதை பொங்குகிறது.

இந்த வகைச் செய்தி ஏன் இவ்வளவு வேகமாக ஓடுகிறது? இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். ஆய்வாளர்கள் ஜோனா பெர்கரும் கேத்தரின் மில்க்மனும் 'நியூயார்க் டைம்ஸ்' இதழின் ஏறத்தாழ 7000 கட்டுரைகளில் எவற்றை வாசகர்கள் மின்னஞ்சலில் பிறருக்கு அதிகம் அனுப்பினார்கள் என்று ஆராய்ந்து 2012-ல் வெளியிட்டார்கள். உள்ளத்தைக் கிளறிவிடும் உணர்ச்சிகள் கட்டுரையைப் பயணப்பட வைக்கின்றன: வியப்பு, கோபம், பதற்றம். சோர்வைத் தரும் துக்கம் அவ்வளவாகப் பயணப்படுவதில்லை. வியப்பு இந்தப் பட்டியலில் முன்வரிசையில் நிற்பது எனக்கு ஆறுதல். ஆனால் 2018-ல் எம்ஐடி ஆய்வாளர்கள் மூவர் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு அந்த ஆறுதலைக் கலைக்கிறது. 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் பரப்பிய சுமார் 1,26,000 செய்திச் சங்கிலிகளை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மறுபகிர்வு பெறும் வாய்ப்பு உண்மையைவிடப் பொய்க்கு 70 விழுக்காடு அதிகம். உண்மை 1500 பேரை எட்டுவதற்குப் பொய்யைப்போல ஆறு மடங்கு நேரம் எடுத்துக்கொண்டது. தானியங்கிக் கணக்குகள் செய்த வேலை இது என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. அவற்றை நீக்கிப் பார்த்தாலும் முடிவு மாறவில்லை. பரப்பியவர்கள் மனிதர்களே. பொய்யில் புதுமை அதிகம், புதுமையை நாம் விரும்புகிறோம் என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம்.

உண்மையின் புதுமைக்கு அப்படி என்ன தடை? உண்மை நடந்த வரைக்கும்தான் போகும். பொய்க்கு வேலி இல்லை. 1835 ஆகஸ்டில் நியூயார்க்கின் 'சன்' நாளிதழ் ஆறு நாள் தொடர் ஒன்றை வெளியிட்டது. வானியலாளர் ஜான் ஹெர்ஷெல் பிரம்மாண்டத் தொலைநோக்கியால் நிலவைப் பார்த்ததாகவும், அங்கே காடும் கடலும் வௌவால் சிறகுள்ள மனிதர்களும் இருப்பதாகவும் அது சொன்னது. ஹெர்ஷெல் உண்மையான மனிதர். அப்போது ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் தென்வானத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார் என்பதும் உண்மை. பொய்யை நட்டு வைக்க அந்த இரண்டு உண்மைகளே மண்ணாயின. இன்றும் கெட்டிக்காரப் பொய் அப்படித்தான் வருகிறது; ஒரு மெய்யான பெயர், ஒரு மெய்யான நிறுவனம், நடுவே சிறகு முளைத்த மனிதன்.

தீபாவளி இரவில் விண்வெளியிலிருந்து நாசா எடுத்த இந்தியா என்று ஆண்டுதோறும் ஐப்பசியில் வந்து நிற்கும் படத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வெள்ளை, நீலம், பச்சை, சிவப்பு என்று நாடே வாணவேடிக்கையாய்ப் பூத்திருக்கும். அதைத் தீபாவளியன்று யாரும் எடுக்கவில்லை. அமெரிக்கக் கடல், வளிமண்டல நிர்வாகத்தைச் சேர்ந்த கிறிஸ் எல்விட்ஜ் என்ற அறிவியலாளர் செயற்கைக்கோள் பதிவுகளைத் தொகுத்து 2003-ல் உருவாக்கியது அது. 1992-க்கு முன்பே தெரிந்த நகர விளக்குகள் வெள்ளை, 1992-ல் தெரிய வந்தவை நீலம், 1998-ல் பச்சை, 2003-ல் சிவப்பு. 2012-ல் நாசாவே இதைச் சொல்லி, அந்த ஆண்டுத் தீபாவளியை ஒட்டி உண்மையில் எடுத்த படத்தையும் வெளியிட்டது. அதில் தனியாகத் தெரியும் கொண்டாட்டம் ஏதுமில்லை. விண்ணிலிருந்து பார்த்தால் வழக்கமான நகர வெளிச்சத்தோடு மத்தாப்பு கூட்டுவது மிகக் கொஞ்சம்.

அந்தப் பொய்யின்மேல் எனக்கு வருத்தம் உண்டு, அது பறித்துக்கொண்டது பெரிது என்பதால். அந்தப் படத்தில் இருப்பது எந்த ஊர் எந்த ஆண்டில் விளக்கேற்றிக்கொண்டது என்ற வரலாறு. ஒரு சிவப்புப் புள்ளி என்பது 1998-க்கும் 2003-க்கும் இடையில் புதிதாக ஒளிபெற்ற ஓர் இடம். ஒரு நாட்டின் வளர்ச்சியை ஒரே தாளில் நிறம் பிரித்துக் காட்டிய அருமையான வரைபடம் அது. அதை ஓர் இரவின் வாணவேடிக்கையாகச் சுருக்கிவிட்டோம்.

1995 செப்டம்பர் 21-ஐ நடுவயது தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தில்லியில் பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று விடியற்காலையில் கிளம்பிய செய்தி, அன்றைக்கே நாடெங்கும் கோயில்களில் வரிசையை உண்டாக்கியது. கடல் தாண்டி லண்டனின் சவுத்தால் வரை போனது. இதில் நான் கவனிப்பது தேதியை. இந்தியாவில் முதல் செல்பேசி அழைப்பு அதே ஆண்டு ஜூலை 31-ல்தான் பேசப்பட்டது. பொதுமக்களுக்கான இணையச் சேவை ஆகஸ்ட் 15-ல்தான் தொடங்கியது. இரண்டும் ஏறக்குறைய யார் கையிலும் இல்லை. எஸ்டிடி பூத்துகளும் வீட்டுத் தொலைபேசிகளுமே ஒரு காலைப் பொழுதுக்குள் அந்த வேலையைச் செய்தன. வதந்திகளுக்கெல்லாம் இணையத்தைக் குற்றம் சொல்கிறவர்கள் அந்த வியாழக்கிழமையை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். அரசின் அறிவியலாளர்கள் பாலில் நிறம் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். கரண்டியின் விளிம்பு துதிக்கையைத் தொட்டதும் பரப்பு இழுவிசையால் பால் மேலேறி, சிலையின் மேல் மெல்லிய படலமாக வழிந்து இறங்கியது. நிறம் அதைக் காட்டிக்கொடுத்தது. ஒரு துளி திரவம் தன்னைத்தானே இழுத்துக்கொண்டு விளிம்பைத் தாண்டும் என்பது வியக்கத்தக்க செய்தியே. அன்று அதைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு கரண்டியும் கல்லும் வைத்துக் காட்டியிருந்தால், அந்த நாள் இன்னொரு வகையில் நினைவில் நின்றிருக்கும்.

இனி, இரண்டாம் பாதியைத் தேடிப் போய்க் கண்டடைந்த சில செய்திகள்.

1992 ஜனவரி 10-ல் பசிபிக் பெருங்கடலின் நடுவே புயலில் சிக்கிய சரக்குக் கப்பலிலிருந்து சில கண்டெய்னர்கள் கடலில் விழுந்தன. ஒன்றில் 28,800 குளியல் பொம்மைகள்: மஞ்சள் வாத்து, சிவப்பு பீவர், நீல ஆமை, பச்சைத் தவளை. பத்து மாதம் கழித்து, 3000 கிலோமீட்டருக்கு மேல் மிதந்து, அலாஸ்காவின் சிட்கா அருகே அவை கரையேறத் தொடங்கின. துணுக்கு இங்கே முடியும். சியாட்டிலில் இருந்த கடலியலாளர் கர்டிஸ் எப்ஸ்மேயருக்கு இங்கேதான் வேலை தொடங்கியது. கடல் நீரோட்டத்தை அறிய விரும்புகிறவர்கள் ஐந்நூறோ ஆயிரமோ குப்பிகளை மிதக்கவிடுவது வழக்கம். திரும்பக் கிடைப்பது நூற்றுக்கு இரண்டு தேறினால் பெரிது. இங்கே ஒரே புள்ளியில், ஒரே நாளில், யாரும் கேட்காமலே 28,800 குப்பிகள் இறங்கியிருக்கின்றன! எப்ஸ்மேயரும் சக கடலியலாளர் ஜேம்ஸ் இங்கிரகமும் கடற்கரையில் பொருள் பொறுக்குகிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்தார்கள். எந்தப் பொம்மை எங்கே, எப்போது கிடைத்தது என்று குறித்தார்கள். இங்கிரகம் உருவாக்கியிருந்த கணினி மாதிரியை அந்தக் குறிப்புகளோடு ஒப்பிட்டுத் திருத்தினார்கள். வடபசிபிக் சுழல் ஒரு சுற்றுச் சுற்ற ஏறத்தாழ மூன்று ஆண்டு எடுக்கிறது என்பது பொம்மைகள் சொன்ன பாடம். 1996-ல் வாஷிங்டன் மாநிலக் கரையில் அவை ஒதுங்கும் என்று முன்கூட்டிச் சொன்னார்கள், ஒதுங்கின.

அதே வாத்துக் கதை இன்னொன்றையும் காட்டியது. 2007 கோடையில் இங்கிலாந்தின் டெவன் கரையில் ஒரு பிளாஸ்டிக் வாத்து கிடைத்ததும், பசிபிக் வாத்துகள் ஆர்க்டிக் பனியைக் கடந்து வந்துவிட்டன என்று பிரிட்டிஷ் செய்தித்தாள்கள் கொண்டாடின. மறுநாளே ஒரு கடலியலாளர் அதை வாங்கிப் பார்த்து, அந்தக் கப்பல் வாத்து இல்லை என்று சொல்லிவிட்டார். அதையும் வெளியிட்டது உள்ளூர்ப் பத்திரிகைதான். முதல் நாள் செய்தி போட்டவர்களே மறுநாள் திருத்தமும் போட்டார்கள் என்பதை நான் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன்.

உத்தரப் பிரதேசத்தின் ஆசம்கரைச் சேர்ந்த லால் பிகாரி, எழுபதுகளின் நடுவில் வங்கிக் கடனுக்காகச் சான்றிதழ் வாங்கப் போனார். வருவாய்த் துறைப் பதிவேட்டின்படி அவர் இறந்துபோயிருந்தார். நிலத்துக்காக உறவினர் செய்த வேலை. பத்தொன்பது ஆண்டுகள் போராடினார். தன் பெயரோடு 'மிருதக்', அதாவது இறந்தவர், என்று சேர்த்துக்கொண்டார். மனைவிக்கு விதவை ஓய்வூதியம் கேட்டு மனுப்போட்டார். 1988-ல் அலகாபாத்தில் வி.பி.சிங்கை எதிர்த்தும், 1989-ல் அமேதியில் ராஜீவ் காந்தியை எதிர்த்தும் தேர்தலில் நின்றார். வேட்பாளர் பட்டியலில் பெயர் வந்தால் உயிரோடு இருப்பதற்கு அதுவும் ஒரு சான்று. 1994-ல்தான் அரசு அவரை உயிர்ப்பித்தது. 2003-ல் ஹார்வர்டில் நடந்த இக் நோபல் விழாவில் அமைதிக்கான பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டது. இந்திய அரசு பாஸ்போர்ட் கொடுத்தது. அமெரிக்கா உள்ளே விடவில்லை.

உலகம் சிரித்தது இத்தோடு. ஆனால் லால் பிகாரி தனக்காக மட்டும் அலைந்தவரில்லை. அவர் தொடங்கிய மிருதக் சங்கத்தில், அதே முறையில் காகிதத்தில் கொல்லப்பட்டு நிலத்தை இழந்தவர்கள் திரண்டார்கள். ஒரு தாலுகா அலுவலகத்தின் ஒரு கையெழுத்தில் ஒரு குடியானவனின் நிலமும் கடனும் வாக்கும் போய்விடும் என்பதைப் பெரிய தலையங்கங்களைவிட அந்த விநோதச் செய்தி தெளிவாகக் காட்டியது. பட்டாவுக்கும் வாரிசுச் சான்றுக்கும் அலைந்த எவருக்கும் இதில் சிரிப்பு பாதியில் நின்றுவிடும்.

இக் நோபல் பரிசையே எடுத்துக்கொள்வோம். 1991-லிருந்து மார்க் ஆபிரகாம்ஸ் நடத்திவருவது. முதலில் சிரிக்க வைத்து, பிறகு சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்கு அது கொடுக்கப்படுகிறது. 2002-ல் கணிதப் பரிசு கேரள வேளாண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்ரீகுமார், நிர்மலன் இருவருக்கும் போனது. இந்திய யானையின் உடம்புப் பரப்பை, அதன் உயரத்தையும் முன்பாதத்தின் சுற்றளவையும் மட்டும் அளந்து கணக்கிட வழி சொன்னார்கள். யானையை யார் நாடாவால் சுற்றி அளப்பது என்று சிரிக்கலாம். கோயில் யானை நோயுற்று நிற்கும்போது அருகில் நிற்கும் கால்நடை மருத்துவர் சிரிக்க மாட்டார். உடம்பின் பரப்பு தெரிந்தால்தான் அது வெளியேற்றும் வெப்பத்தையும் அதன் உடலியக்கத்தையும் மதிப்பிட முடியும். காந்தப்புலத்தில் தவளையை மிதக்க வைத்ததற்காக 2000-ல் இக் நோபல் வாங்கிய ஆந்த்ரே கெய்ம், பத்தே ஆண்டில் கிராஃபீனுக்காக மெய்யான நோபலையும் வாங்கினார்.

1975-ல் இயற்பியல் ஆய்விதழ் ஒன்றில் வந்த கட்டுரைக்கு வில்லார்ட் என்ற பெயரில் ஒரு பூனை இணையாசிரியர் ஆன கதையும் பரவலாகத் தெரிந்தது. தனியாக எழுதிய இயற்பியலாளர் ஹெதரிங்டன் கட்டுரை முழுக்க 'நாங்கள்' என்று தட்டச்சு செய்துவிட்டார். ஒருவர் எழுதியதில் அந்தச் சொல்லை இதழ் ஏற்காது என்று நண்பர் எச்சரித்தார். தட்டச்சுப்பொறிக் காலத்தில் முழுவதையும் மறுபடி அடிப்பதைவிட வீட்டுப் பூனையைச் சேர்ப்பது எளிதாக இருந்தது.

2015 பிப்ரவரி 26-ல் ஓர் உடையின் படம் உலகத்தை இரண்டாகப் பிரித்தது. சிலருக்கு நீலமும் கறுப்பும். சிலருக்கு வெள்ளையும் தங்கமும். வீடுகளில் கணவனும் மனைவியும் ஒருவர் கண்ணை ஒருவர் சந்தேகித்தார்கள். உடை உண்மையில் நீலம், கறுப்பு. இணையம் ஒரு வாரத்தில் அதை மறந்தது. பார்வை அறிவியல் மறக்கவில்லை. அதே ஆண்டு பெவில் கான்வே குழுவினர் 1401 பேரிடம் கேட்டதில் 57 விழுக்காட்டினர் நீலம், கறுப்பு என்றும், 30 விழுக்காட்டினர் வெள்ளை, தங்கம் என்றும் சொன்னார்கள். ஒரு பொருளின் மேல் விழும் வெளிச்சம் எப்படிப்பட்டது என்று மூளை தானாக ஊகித்து, அதைக் கழித்துவிட்டே நிறத்தை நமக்குத் தருகிறது. அந்தப் படத்தில் வெளிச்சத்துக்கான தடயம் போதவில்லை. ஆளாளுக்கு ஊகம் மாறியது. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் பாஸ்கல் வாலிஷ் 2017-ல் இன்னொரு படி போனார். பகல் வெளிச்சத்தில் அதிகம் வாழும் அதிகாலை மனிதர்கள், உடை நீல நிழலில் இருப்பதாக ஊகித்து, வெள்ளையைக் காண வாய்ப்பு அதிகம் என்று அவர் கண்டார். நம் இருவருடைய கண்ணும் பழுதில்லாமல் இருக்க, நாம் வேறு வேறு உலகத்தைப் பார்க்கலாம் என்பதற்கு இவ்வளவு எளிய சான்று அதற்கு முன் நமக்குக் கிடைத்ததில்லை.

இரண்டாம் பாதியை வெட்டி எறிவது எப்போதும் தீங்கில்லாத செயல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2018-ல் இந்தியா முழுவதும் ஒரு காணொளி பரவியது. இருசக்கர வாகனத்தில் வந்தவர்கள் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிச் செல்கிறார்கள். அது பாகிஸ்தானின் கராச்சியில், பிள்ளைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல எடுத்த விழிப்புணர்வுப் படம். முழுப் படத்தில் அவர்கள் உடனே திரும்பி வந்து குழந்தையை இறக்கிவிட்டு, வாசகம் எழுதிய தட்டியைக் காட்டுவார்கள். யாரோ அந்தக் கடைசி வினாடிகளை வெட்டிவிட்டார்கள். குழந்தை கடத்தும் கும்பல் வந்திருக்கிறது என்ற வதந்திகள் ஊர் ஊராகச் சூடேறியிருந்த அந்த மே மாதத்தில், திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு முதிய பெண்மணி வழியில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். கூட்டம் அவரை அடித்தே கொன்றது. அந்த ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேர் அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வரம்பு வைத்தது. வெட்டப்பட்ட வினாடிகளை யாராலும் திரும்ப ஒட்ட முடியவில்லை.

திமிங்கிலத்துக்கு வருவோம். 1913-ல் ஆரிகன் ஆளுநராக இருந்தவர் ஆஸ்வால்ட் வெஸ்ட். கடலோர நிலம் தனியாருக்கு விற்கப்பட்டுக்கொண்டிருந்த காலம். கடற்கரையைப் பொதுச்சொத்தாக அறிவிக்கக் கேட்டால் எதிர்ப்பு வரும் என்று அவருக்குத் தெரியும். அந்தக் கரையில் நல்ல சாலை கிடையாது. மணலின் மேல்தான் வண்டிகள் போய்வந்துகொண்டிருந்தன. எனவே ஏற்ற இறக்க அலைகளுக்கு இடைப்பட்ட ஈர மணல் முழுவதையும், கொலம்பியா ஆற்றிலிருந்து கலிஃபோர்னியா எல்லைவரை, பொது நெடுஞ்சாலை என்று அறிவிக்கும் சிறிய சட்டம் ஒன்றைக் கொண்டுவந்து நிறைவேற்றினார். நெடுஞ்சாலையை யாரும் வேலி போட்டு அடைக்க முடியாது. கடற்கரையின் பொறுப்பு நெடுஞ்சாலைத் துறையிடம் போனது. 1970 நவம்பரிலும் அங்கேதான் இருந்தது. 1967-ல் இன்னொரு சட்டம் உலர்ந்த மணலிலும் மக்களின் உரிமையை உறுதி செய்தது. இன்று ஆரிகனின் கடற்கரை முழுவதிலும் யாரும் இறங்கி நடக்கலாம்.

1979-ல் அதே ஃபுளோரன்ஸ் அருகே 41 ஸ்பெர்ம் திமிங்கிலங்கள் ஒதுங்கின. அவற்றை எரித்துப் புதைத்தார்கள். 2020-ல் ஊரார் ஆற்றோரத்துப் பூங்கா ஒன்றுக்கு, வெடித்த திமிங்கிலத்தின் நினைவாகப் பெயர் சூட்டினார்கள்.